தடை உத்தரவை மீறினால்: 2ஏ மனுவா, அவமதிப்பு மனுவா?

இடைக்கால உறுத்துக்கட்டளை (வழக்கு முடியும்வரை நீதிமன்றம் தரும் தடை உத்தரவு) கையில் இருக்கும்போதே எதிர்த்தரப்பு இரவோடு இரவாகச் சுவர் எழுப்பிவிட்டால், கட்சிக்காரர்கள் முதலில் கேட்பது "ஹைகோர்ட்ல கன்டெம்ப்ட் போடலாமா சார்?" என்பதுதான். தடை கொடுத்தது முன்சீப் கோர்ட் என்றால், அங்கேயே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் (சிபிசி) கட்டளை 39 விதி 2ஏ-யின் கீழ், தடையை மீறியவரைத் தண்டிக்கக் கோரும் மனுப் போடுவதுதான் சரி என்பேன்.

தண்டனையைப் பார்த்தால் 1971ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டம் கனமாகத் தெரியும்: ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் மனப்பூர்வமான மன்னிப்பை நீதிமன்றம் ஏற்றால் அதோடு முடிந்தது. 2ஏ-யில் சிவில் சிறை மூன்று மாதம் வரைதான். கூடவே சொத்து ஜப்தி உண்டு. ஓராண்டு கடந்தும் மீறல் நீடித்தால் அதை விற்று நஷ்டஈடு தரலாம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது சாட்சியம். அவமதிப்பு மனு பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களின் மேலேயே ஓடும். "சுவர் முன்பே இருந்தது" என்று எதிர்மனுதாரர் சொன்னதும், விசாரணை நீதிமன்றத்துக்கே போங்கள் என்று அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். 2ஏ-யில் சாட்சியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். அங்கேயும் நிரூபணம் கறாராகவே கேட்கப்படும். சந்தேகத்தின் பலன் மீறியதாகச் சொல்லப்படுபவருக்குத்தான்.

மூன்று விஷயம் நிற்க வேண்டும்: உத்தரவு அவருக்குத் தெரியும், அதற்குப் பிறகுதான் மீறினார், வேண்டுமென்றே மீறினார். பல மனுக்கள் விழுவது முதலாவதில். எதிர்த்தரப்பைக் கேட்காமலே கொடுத்த ஒருதலைப்பட்சத் தடை என்றால் உத்தரவு நகலையும் மனு, ஆவண நகல்களையும் அன்றோ மறுநாளோ பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்க வேண்டும். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டாவதற்கு, இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை உடனே கேளுங்கள். ஈரம் காயாத கலவை, பூசாத செங்கல், நீளம் உயரம் எல்லாம் அவர் அறிக்கையில் ஏற வேண்டும். வெள்ளையடித்த பிறகு போனால் பயனில்லை. செல்போன் படத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் கீழ் சான்றிதழ் இணையுங்கள்.

எதிர்த்தரப்பு வாய்தாவாக வாங்கித் தள்ளினால் சிபிசி பிரிவு 35பி-யின் கீழ் செலவுத்தொகை கேளுங்கள். அதைக் கட்டாமல் அவர் தரப்பு மேற்கொண்டு நகர முடியாது. எத்தனை மாதம் இழுக்கும் என்பது அந்தக் கோர்ட்டின் சுமையைப் பொறுத்தது. அதற்கு உறுதி தர முடியாது.

அவமதிப்புக்கும் இடம் உண்டு. உயர் நீதிமன்றத்தின் ரிட் உத்தரவை அதிகாரி கிடப்பில் போட்டால் அதுதான் வழி. அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 20 சொல்லும் ஓராண்டுக் கெடுவுக்குள் போட வேண்டும். போலீஸ் பாதுகாப்பு மனு இனிமேல் கட்டாமல் தடுக்க மட்டும் உதவும்.

2ஏ தண்டிக்கும், சுவரைத் தானாக இடிக்காது. பழைய நிலைக்குக் கொண்டுவர சிபிசி பிரிவு 151-இன் கீழ் தனி மனு அதே நாளில் போடுங்கள். தீர்ப்பாகி நிரந்தர உறுத்துக்கட்டளை மீறப்பட்டால் 2ஏ கிடையாது. சிபிசி கட்டளை 21 விதி 32-இன் கீழ் நிறைவேற்று மனுதான்.