டிஎக்ஸ்-60ஆ, டி-60ஆ? கேட்டலாக் காலத்து இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்த பள்ளிப் பையனுக்கு இரண்டு கேட்டலாக்குகள் போதும், தூக்கம் போய்விடும். ஒன்று, மிச்சிகன் மாநிலம் பென்டன் ஹார்பரிலிருந்து வரும் ஹீத்கிட். இன்னொன்று, சிகாகோவின் அலைடு ரேடியோ; நைட்-கிட் அவர்களின் சொந்த பிராண்ட். பணம் அனுப்பினால் பெட்டி நிறைய உதிரிபாகங்கள் வரும். சால்டரிங் அயர்னைப் பிடித்து நாமே பூட்ட வேண்டியதுதான்.

ஹீத்கிட் டிஎக்ஸ்-60இன் விலை ஏறத்தாழ 80 டாலர். நைட்-கிட் டி-60 ஏறத்தாழ 50. இரண்டிலும் மோர்ஸும் ஏ.எம். பேச்சும் உண்டு. 80 மீட்டர் அலைநீளப் பட்டையிலிருந்து 10 மீட்டர் பட்டை வரை இரண்டும் போகும். டி-60 கூடுதலாக 6 மீட்டரையும் தரும்.

பவரில் டிஎக்ஸ்-60 பெரியது. இன்புட் 90 வாட். மற்றது 60 வாட். ஆனால் அன்றைய நோவிஸ் (தொடக்கநிலை) லைசென்ஸ்காரருக்கு 75 வாட்தான் உச்சவரம்பு. அலைவரிசையை இஷ்டப்படி நகர்த்தவும் முடியாது, ஒரே அலைவரிசையில் நிறுத்தி வைக்கும் கிரிஸ்டல் கட்டாயம். ஆகவே டிஎக்ஸ்-60 வாங்கியவரும் அதை 75க்குக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். 75க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1 டெசிபல். ரிசீவரில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி என்பதே 6 டெசிபல். எதிர்முனையில் கேட்பவர் காதுக்கு இது தெரியவே தெரியாது.

அதனால் அந்தக் காலத்துக்கு என் ஓட்டு டி-60க்குத்தான். புதியவரின் உண்மையான கஷ்டம் அனுப்புவதில் இல்லை, கேட்பதில் இருந்தது. நெரிசலான நோவிஸ் பட்டையில் மலிவான ரிசீவர் நாலைந்து நிலையங்களை ஒன்றாகக் கலந்து ஊற்றும். மிச்சமான 30 டாலரில் பக்கத்துச் சிக்னலை ஒதுக்கும் ஒரு க்யூ மல்டிபிளையர், கூடுதலாக இரண்டு மூன்று கிரிஸ்டல், ஆன்டெனாவுக்கு நல்ல கேபிள் எல்லாம் வாங்கலாம். தொடர்பு கூடுவது அங்கேதான்.

சரி, இன்று பழைய பொருளாக வாங்கினால்? தராசு மாறிவிடுகிறது. டிஎக்ஸ்-60இல் உள்ள 6146 டிரான்ஸ்மிட்டருக்கென்றே செய்த வால்வு. பிற்காலத்தில் பல கம்பெனி ரேடியோக்களிலும் அது இருந்ததால் இன்றும் தேடுபவர்கள் அதிகம், விலையும் அதிகம். டி-60இல் இருப்பது 6டிக்யூ6, டிவி பெட்டிகளில் ஓடிய வால்வு. அதன் பழைய இருப்பு மலிவாகக் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் நைட்-கிட் ஜெயிக்கிறது. மற்றபடி ஹீத்கிட்தான். ஒவ்வொரு கம்பியையும் இணைத்து டிக் அடிக்கச் சொல்லும் அந்த மேனுவலை வைத்துக்கொண்டு, யாரோ சிறுவன் செய்த தப்பான இணைப்பைக்கூடப் படிப்படியாகப் பிடித்துவிடலாம். அப்புறம், ஜோடியாக வந்த எச்ஜி-10 வி.எஃப்.ஓ.வை, அதாவது அலைவரிசையை இஷ்டப்படி நகர்த்த உதவும் பெட்டியை, இதனுடனேயே மாட்டலாம். கிரிஸ்டல் தேடி அலைய வேண்டாம். ரிப்பேர் பார்த்து அனுபவப்பட்டவர்களும் இதற்கே அதிகம்.

எதை வாங்கினாலும், அமெரிக்காவில் விற்றவை அங்குள்ள 117 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டு 230க்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிஎக்ஸ்-60இன் உள்ளே 600 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களை மாற்றாமல் பிளக்கைச் செருகவே செருகாதீர்கள்.