பீரங்கியா, பனிக்கோடரியா?

2021-இல் இரண்டு மாத இடைவெளியில் வந்த இரண்டு வீடியோ கேம்கள் இவை. ஆகஸ்டில் ஆக்ஸியம் வெர்ஜ் 2, அக்டோபரில் மெட்ராய்ட் ட்ரெட். அடைபட்ட வழியைப் பார்த்து வைத்துக்கொள், புதுச் சக்தி கிடைத்ததும் திரும்பி வந்து திற: 1986-இல் முதல் மெட்ராய்ட் பழக்கிவிட்ட இந்த வித்தைதான் இரண்டுக்கும் அடிப்படை. தாமஸ் ஹாப் தனியாளாக உருவாக்கிய முதல் ஆக்ஸியம் வெர்ஜ், அந்தப் பழைய கேமின் மீதிருந்த மோகத்தில் பிறந்தது. ஆக, குருவும் சிஷ்யனும் ஒரே ஆண்டில் பரீட்சை எழுதியிருக்கிறார்கள்.

சண்டையில் ட்ரெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிரி பாயும்போது ஒரு மினுக்கல். அந்தக் கணத்தில் பட்டனைத் தட்டினால், கையில் பீரங்கி பொருத்திய நாயகி சாமஸ் அவனைத் தூக்கி அடித்துவிட்டு, ஓட்டம் நிற்காமல் சுட்டுக்கொண்டே போகிறாள். ஆனால் கேமின் உயிர், அவளைத் துரத்தி வேட்டையாடும் எம்மி ரோபோக்களிடம் இருக்கிறது. அவற்றின் பகுதிக்குள் நுழைந்ததும் திரை மங்கும், எங்கோ பீப் பீப் என்று சத்தம் கேட்கும். பிடிபட்டால் தப்பிக்க மயிரிழை நேரம்தான். அதுவும் எப்போது வரும் என்று மனப்பாடம் செய்ய முடியாது. பெரும்பாலும் சாவுதான். நல்லவேளை, கதவு வாசலிலேயே மறுபடி எழுப்பிவிடுகிறார்கள், அதனால் கோபம் வருவதற்குள் அடுத்த முயற்சியில் இருப்போம்.

ஆக்ஸியம் வெர்ஜ் 2-இன் சண்டை, உள்ளதைச் சொன்னால், சுமார். முதல் பாகத்தில் விதவிதமாகத் துப்பாக்கி கொடுத்த மனிதர், இதில் கையில் பனிக்கோடரியைக் கொடுத்துவிட்டார்! பாஸ்கள் எனும் பெரிய எதிரிகள் பலவற்றோடு மோதாமலே போய்விடலாம். அவற்றை வீழ்த்தியபோதும் எனக்குப் பெரிதாகக் குஷி வரவில்லை.

ஆனால் சுற்றித் திரிவதில் ஆட்டம் தலைகீழ். நாயகி இந்திரா சௌத்ரி அண்டார்டிகாவிலிருந்து கியெங்கிர் என்ற வேற்றுலகத்துக்குப் போய்ச் சேர்கிறாள். பெயர் சுமேரியம், இடிபாடுகளும் அந்தச் சாயலில்தான். அதன்மேல் படிந்தாற்போல இன்னொரு உலகம் இருக்கிறது: ப்ரீச். இன்னும் முரட்டு பிக்சல்கள், இன்னும் பழைய காலத்து முகம். பாறை மறித்தால் இந்திராவை அங்கேயே நிறுத்திவிட்டு, குட்டி ட்ரோனை ப்ரீச்சுக்குள் அனுப்பி, நாலு அறை தாண்டி வெளியே எடுத்தால், பாறைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. முதல்முறை இதைச் செய்தபோது இரண்டு மேப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரியை ஹேக் செய்து நம் பக்கம் திருப்பவும் முடியும், அதனால் கோடரியின் குறை கொஞ்சம் மறக்கிறது.

ட்ரெட்டில் இந்தத் தொலைந்துபோகும் சுகம் குறைவு. நாம் வந்த வழியை நைசாகப் பின்னால் மூடி, போக வேண்டிய திசைக்குத் தள்ளிவிடுகிறது. 2002-இல் வந்த மெட்ராய்ட் ஃப்யூஷனின் கதையை 19 ஆண்டுகள் கழித்துத் தொடரும் கேம், யாரும் பாதியில் விட்டுவிடக் கூடாதென்று பயந்திருக்கலாம். அப்படியும் பாஸ்கள் பிழிந்தெடுக்கவே, 2022 பிப்ரவரியில் இலவச அப்டேட்டாக ஒரு சுலப நிலையையும் சேர்த்தார்கள்.

ட்ரெட் நிண்டெண்டோ கன்சோலில் மட்டும்தான். அது இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. கன்சோல் இருந்து, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ட்ரெட்டையே சொல்வேன். நான் இரண்டாம் முறை ஆடத் தொடங்கியது என்னவோ கியெங்கிரைத்தான். பாதி மேப் இன்னும் இருட்டாகவே கிடக்கிறது.