பழைய கேரவன் வாங்குமுன் சுவரைக் குத்திப் பார்க்க: புரோட்டிமீட்டர் மினி

காருக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் கேரவன் ஒன்றை இங்கிலாந்தில் பழையதாக வாங்க முடிவு செய்தபோது, விவரம் தெரிந்த நண்பர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: டயர், பிரேக், அடுப்பு எல்லாம் மாற்றக்கூடியவை, முதலில் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார். அதற்காகவே புரோட்டிமீட்டர் மினி என்னும் கையடக்க ஈரமானியை வாங்கினேன். அதைக்கொண்டு மூன்று வண்டிகளைச் சோதித்து, இரண்டை வேண்டாம் என்று விட்டு, ஒன்றை வாங்கியிருக்கிறேன்.

இவ்வண்டிகளின் சுவர் பார்வைக்குத்தான் கெட்டியானது. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே வினைல் ஒட்டிய சுமார் 3 மில்லிமீட்டர் பிளைவுட், இரண்டுக்கும் நடுவே தெர்மோகோல், அதற்குள் மரச்சட்டம். பழைய பிரிட்டிஷ் கேரவன்களில் பெரும்பாலானவை இப்படிக் கட்டப்பட்டவை. கூரையும் சுவரும் சேரும் விளிம்பில், ஆனிங் என்னும் துணிப்பந்தலைக் கோப்பதற்கான ரெயிலை வரிசையாகத் திருகாணி போட்டுப் பொருத்தியிருப்பார்கள். அதன் அடியில் தடவிய சீலண்ட் பல ஆண்டு வெயிலிலும் குளிரிலும் காய்ந்து வெடித்துவிட்டால், ஒவ்வொரு திருகாணியும் மழைநீருக்கு வழிவிடுகிறது. ஜன்னல் ஓரமும், கூரைத் திறப்பும், பின்விளக்கும் அப்படியே. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே அடைபட்ட நீர் காய வழியில்லாததால், கறையோ பூஞ்சணமோ கண்ணில் படுவதற்கு வெகுகாலம் முன்பே உள்ளே மரம் மக்கத் தொடங்கிவிடுகிறது; அதற்குப் பிறகு பழுதுபார்க்க ஆயிரக்கணக்கான பவுண்டு தேவைப்படலாம்.

கருவியின் முனையில் இரண்டு ஊசிகள் உள்ளன. அவற்றைப் பலகையில் குத்தினால், இரண்டுக்கும் இடையிலான மின்தடையை அளந்து மரத்தின் ஈரச் சதவீதமாகக் காட்டும். நனைந்த மரத்தில் தடை குறைவு. அளவு ஏற ஏற விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மாறுவதால், இருக்கைக்கு அடியிலுள்ள இருண்ட பெட்டிக்குள் கையை நுழைத்துச் சோதிக்கும்போது எளிதாக இருக்கிறது. 15 சதவீதம் வரை கவலையில்லை, 15 முதல் 20 வரை கவனித்து வரவேண்டும், 20ஐத் தாண்டினால் நீர் புகுந்திருக்கிறது, 30க்கு மேல் சட்டமே கெட்டிருக்கக்கூடும் என்பது கேரவன் பழுதுபார்ப்பவர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதே நான் கற்றுக்கொண்டது. வெளிச்சுவரைத் தொடாத ஓர் உள் தடுப்பில் முதலில் குத்தி, அந்த வண்டிக்கு, அந்த நாளில், காய்ந்த பலகை எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே மூலைகளுக்குப் போகவேண்டும்.

இரண்டாவதாகப் பார்த்த வண்டியில் இதன் அருமை தெரிந்தது. விற்பவர் காலையிலிருந்தே ஹீட்டரை ஓடவிட்டு, வாசனைத் திரவம் தெளித்து வைத்திருந்தார். சுவரைத் தடவினால் வெதுவெதுப்பாகக் காய்ந்திருந்தது. அலமாரித் தடுப்பு 11 காட்டியது. இடப்புற முன்மூலை 13. வலப்புறத்தில் மெத்தையைத் தூக்கி, முன் ஜன்னலின் ஓரத்துக்கு ஒரு சாண் கீழே வைத்தபோது, நான் அழுத்துவதற்கு முன்பே ஊசி உள்ளே இறங்கியது, சிவப்பில் 29. இன்னும் கீழே 31, தரையருகே 34. கட்டைவிரலால் அழுத்தியதும் பலகை நமுத்த அப்பளம்போல் அமுங்கியது. மூச்சுக்காற்றின் ஈரம் படிந்ததால் வந்தது என்று விற்பவர் சொன்னார். அப்படிப் படியும் ஈரம் குளிர்ந்த பரப்பெங்கும் பரவலாகத் தெரியுமே தவிர, ஒரே மூலையில் மேலிருந்து கீழாக இப்படிக் கூடிக்கொண்டே போகாது.

ஊசி மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறைகளையும் சொல்லவேண்டும். மூன்றாவது வண்டியில் படுக்கையருகே ஓரிடம் திடீரென்று சிவந்து என்னைத் திடுக்கிடச் செய்தது. இரண்டு விரல்கடை தள்ளிக் குத்தினால் 12. பலகைக்குப் பின்னால் இருந்த உலோகப் பின்னில் ஊசி பட்டிருந்ததுதான் காரணம். உறைபனிக் காலையில் அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஊசி விட்டுச்செல்லும் துளை சிறியதுதான் என்றாலும் விற்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, மெத்தைக்குப் பின்னும் பெட்டிகளுக்குள்ளும் மட்டும் குத்துவதே முறை. ஊசியில்லாத மீட்டர்கள் துளையிடாமல் சுவரை வேகமாகத் தடவிப் பார்க்க உதவும். ஈரம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அவற்றால் பிரித்துச் சொல்ல இயலாது.

புரோட்டிமீட்டர் மினியின் விலை நூறு பவுண்டைத் தாண்டும். நண்பரிடம் இருந்த, இருபது பவுண்டுக்குள் வாங்கிய மீட்டரையும் அதே இடங்களில் வைத்துப் பார்த்தேன்; எண்கள் மூன்று நான்கு வேறுபட்டாலும், எந்த மூலை நனைந்தது, எது காய்ந்தது என்பதில் இரண்டும் ஒத்துப்போயின. ஆகவே ஒரே ஒரு வண்டி வாங்கி நிறுத்திக்கொள்பவருக்கு அதுவே போதும். ஆண்டுதோறும் அதே இடங்களில் அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட நினைப்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

நான் வாங்கிய அந்த மூன்றாவது வண்டியின் இருபத்திரண்டு இடங்களை அக்டோபரில் அளந்து ஒரு வரைபடத்தில் குறித்து வைத்திருந்தேன். ஏப்ரலில் மீண்டும் குத்தியபோது, 13 காட்டிய வலப்புறப் பின்மூலை மட்டும் 18க்கு ஏறியிருந்தது. அங்கே ரெயிலைக் கழற்றி, பழைய சீலண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்கப் பட்டறையில் சொல்லியிருக்கிறேன்.