கண்ணுக்கு டிபி வராது என்று சொல்லி எங்களிடம் 32,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

நேற்றுதான் தம்பியை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மன்னார்குடி பக்கம். தம்பி அறுவடை மிஷின் ஓட்டுகிறவன், 27 வயது. ஆடி மாதம் வலது கண் சிவந்தது. வெளிச்சம் கூசியது, கண் முன்னால் கொசு பறப்பது போல் புள்ளிகள். மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு வாங்கி விட்டோம். போவதும் வருவதுமாக இருந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, “உள்ளே அழற்சி இருக்கு, யுவியைடிஸ். டிபியாலயும் இது வரும், டெஸ்ட் எடுத்துடுங்க” என்றார். வீடே இடிந்து உட்கார்ந்தது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இருமல் இல்லை, சளி இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம்.

அப்போதுதான் கும்பகோணம் பக்கம் ஒரு மூலிகைக் கண் சிகிச்சை நிலையத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். அங்கிருந்தவர் தம்பியின் தாடையைப் பிடித்துத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். “இருமலே இல்லாத பிள்ளைக்கு டிபியாம்மா? அது நெஞ்சு வியாதி. இது வெறும் சூடு. ஒரு மண்டலம் சொட்டு விட்டா தெளிஞ்சுடும்” என்றார். அம்மா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். எங்களுக்கும் அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. 32,500 ரூபாயை ஒரே தவணையில் கட்டினேன். குறுவையில் முப்பது மூட்டைக்கு மேல் கொள்முதல் நிலையத்தில் போட்ட காசு அது.

ஐந்தாம் நாளே சிவப்பு போய்விட்டது. நாங்கள் முழுசாக நம்பியது அப்போதுதான். நாலாவது வாரம் கண்ணில் புகை மூட்டம். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரை வாங்க அவன் நீட்டிய கை ஒரு சாண் தள்ளிப் போனது.

போன் செய்தேன். “கெட்ட நீர் இறங்குது, நல்லதுதான்” என்றார்கள். மறுபடி கேட்டால், “பத்தியம் மீறி மீன் சாப்பிட்டிருப்பீங்க.” அப்புறம், “ஐயா வெளியூர்ல இருக்கார்.” அதற்கப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். நேரில் போய் 32,500 ரூபாயைக் கேட்டால் ரசீதைக் காட்டச் சொன்னார்கள். அதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருக்கிறது.

மெடிக்கல் காலேஜ் டாக்டரம்மா அந்தச் சொட்டு பாட்டிலை வாங்கி, பச்சை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் லேபிள்! ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கும், சிவப்பு போகும், ஆனால் டிபி கிருமியை அது ஒன்றும் செய்யாது. வாரக்கணக்கில் அதை மட்டும் விட்டதில் கண்ணின் பிரஷரும் ஏறிவிட்டது. டிபி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசி போட்ட இடம் மூன்றாம் நாள் தடித்துவிட்டது, ரத்தப் பரிசோதனையும் கிருமி இருப்பதாகவே சொன்னது. கிருமி ரத்தம் வழியாகக் கண்ணுக்குப் போகுமாம், நுரையீரல் சுத்தமாக இருந்தாலும் வருமாம். விழித்திரையில் விழுந்த தழும்பு இனி போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இவ்வளவுதான். சிவப்பும் கண்கூச்சமும் திரும்பத் திரும்ப வந்தால் கண் பாப்பாவை (கருவிழி நடுவில் உள்ள துளையை) விரிய வைத்துப் பார்க்கும் கண் டாக்டரிடம் போங்கள். டிபி மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் தருகிறார்கள். 32,500 ரூபாய் யாருக்கும் கட்ட வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் மாத்திரை, கண்ணுக்கு இன்னும் நீளலாம், நடுவில் நிறுத்தாதீர்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மாத்திரையால். ஆனால் சிவப்பு, பச்சை நிறம் மங்கித் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், எத்தாம்புட்டால் என்ற இன்னொரு டிபி மாத்திரை கண் நரம்பைப் பாதிக்கலாம். பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழித்துப் பாருங்கள்.

தம்பிக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது.