அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்தலாமா? லைக்கன் ஸ்கிளிரோசஸ் சிகிச்சைகள்: ஓர் ஒப்பீடு

பெண்ணுறுப்புத் தோலில் வந்திருக்கும் நோய்க்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று மருத்துவர் பெயர் சொல்லிவிட்டார். கையில் ஒரு குழாய் களிம்பு. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடினால் லேசர் என்கிறார்கள், பிஆர்பி ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுச் செறிவை ஏற்றுவது) என்கிறார்கள், ஸ்டீராய்டே இல்லாத மருந்து என்கிறார்கள். அலசுவதற்கு முன் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன்: குளோபெட்டசால் 0.05% என்ற வீரியம் மிக்க ஸ்டீராய்டு களிம்பு, அதுவும் அரிப்பு அடங்கிய பிறகும் குறைந்த அளவில் விடாமல் பூசும் முறை. நான் தேர்ந்ததும் அதுதான்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. இது தொற்று இல்லை. கணவருக்குப் பரவாது. சுத்தக்குறைவால் வருவதும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குவதால் வருகிறது என்பதே இன்றைய புரிதல். பெண்ணுறுப்பின் வெளித்தோலும் ஆசனவாயைச் சுற்றிய தோலும் வெளுத்து, கசங்கிய மெல்லிய தாள் போலச் சுருங்கும். இரவு அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும். மலம் கழிக்கும்போதும் உறவின்போதும் கீறல் விழும். கவனிக்காமல் விட்டால் உள் உதடுகள் ஒட்டி மறைந்துபோகும், யோனி வாசல் குறுகும். ஒட்டியதைக் களிம்பு பிரிக்காது. மேலும் ஒட்டாமல் தடுக்கத்தான் அதனால் முடியும்.

நம்மில் பலர் முதலில் செய்வது மருந்துக்கடையில் பூஞ்சைத்தொற்று கிரீம் வாங்குவது, இல்லாவிட்டால் டெட்டால் கலந்த வெந்நீரில் கழுவுவது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது. கிரீமால் மாதங்கள் வீணாகும், மற்ற இரண்டும் கீறலில் எரிச்சலை ஏற்றும். தேங்காய் எண்ணெய் வறட்சிக்கு இதமாக இருக்கலாம், நோயை அடக்காது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீமும் அப்படித்தான். யோனி வறட்சிக்கு அது நல்லது, இந்த நோய்க்கு மருந்தாகாது.

இனி குளோபெட்டசால். சிங்கப்பூரில் இது மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். டெர்மோவேட் என்ற பெயர் பலருக்கும் பழக்கம். கிரீம் வேண்டாம், களிம்பாகவே கேளுங்கள். கிரீமில் உள்ள பதப்படுத்திகள் வெடித்த தோலில் சுள்ளென்று எரியும். வழக்கமான தொடக்க முறை: முதல் 4 வாரம் தினமும் இரவு, அடுத்த 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அடுத்த 4 வாரம் வாரத்துக்கு இருமுறை. அளவு முக்கியம். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு தடவைக்கு அதுவே அதிகபட்சம். பலருக்கு அதில் பாதி போதும். முழு அரை கிராம் போட்டாலும் மூன்று மாதத்துக்கு 50 தடவை, 25 கிராம். ஆக 30 கிராம் குழாய் ஒன்று தாராளம்.

தவறு நடப்பது பெரும்பாலும் இடத்தில்தான். முடி வளரும் மேட்டுப் பகுதியிலும் தொடை இடுக்கிலும் பூசிவிட்டு, வெளுத்த உள்மடிப்பை விட்டுவிடுகிறார்கள். தொடைத் தோல்தான் ஸ்டீராய்டால் சீக்கிரம் மெலியும். முதல் சில நாள் கைக்கண்ணாடி வைத்து, நல்ல வெளிச்சத்தில், வெளுத்த இடம் எதுவென்று பார்த்துப் பூசுங்கள். ஆசனவாயைச் சுற்றி வெளுத்திருந்தால் அங்கேயும். வாசலின் போன்ற மசகைப் பூச வேண்டுமானால் அரை மணி நேரம் கழித்துப் பூசுங்கள்.

இன்னொரு தடை, பெட்டிக்குள் இருக்கும் தாள். பிறப்புறுப்பில் பூசாதீர்கள், நீண்ட நாள் பூசாதீர்கள் என்று அதில் இருக்கலாம். அதைப் படித்துப் பயந்து மருந்தை அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் ஏராளம். அந்த எச்சரிக்கை பொதுவான தோல் நோய்களுக்குப் பூசுபவர்களுக்கானது. இந்த நோய்க்குச் சரியான இடத்தில், சரியான அளவில் பூசும்போது நோயே தோலுக்குச் செய்யும் கேடுதான் பெரிது. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு பூசும்போது பூஞ்சைத்தொற்று எளிதில் கிளம்பும். அரிப்பு திடீரென மாறி, வெள்ளைப்படுதலும் சிவப்பும் சேர்ந்து வந்தால் களிம்பைக் கூட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதம் முடிந்து அரிப்பு போயிற்று. இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, 'மறுபடி வந்தால் பூசிக்கொள்ளலாம்'. மற்றது, வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ தொடர்ந்து பூசுவது. முதலாவது இயல்பாகத் தோன்றும். நோவு இல்லாதபோது யார் மருந்து போடுவார்கள்? ஆனால் அரிப்பு இல்லாமலே தழும்பு வளரக்கூடிய நோய் இது. ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. சொன்னபடி தொடர்ந்து பூசிய 357 பேரில் ஒருவருக்கும் பெண்ணுறுப்பில் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை. விட்டுவிட்டுப் பூசிய 150 பேரில் 7 பேருக்கு வந்தது. தழும்பும் ஒட்டுதலும் கூடியது முதல் பிரிவில் 3.4%, இரண்டாம் பிரிவில் 40%. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒழுங்காகப் பூசுபவர்கள் வேறு வகையிலும் தங்களைக் கவனித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்த பிறகு நான் முதல் வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பராமரிப்புக்குக் குளோபெட்டசாலே வேண்டும் என்றும் இல்லை. நன்றாக அடங்கியவர்களுக்கு மோமெட்டசோன் 0.1% களிம்புக்கு இறக்கித் தருவதுண்டு. அதை மருத்துவர் தோலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் 0.1% களிம்பு தோலை மெலியவைக்காது என்பது அதன் கவர்ச்சி. ஆனால் 58 பேரை வைத்து இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஆய்வில் குளோபெட்டசாலே நன்றாக வேலை செய்தது. டாக்ரோலிமஸ் முதல் ஓரிரு வாரம் எரியும், சிலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரண்டாம் படியாக இருக்கட்டும்.

லேசரும் பிஆர்பியும் செலவு பெரிது, சான்று சிறிது. பிஆர்பி ஊசியை வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட 2019 ஆய்விலும், கார்பன் டையாக்சைடு லேசரைப் போலி லேசரோடு ஒப்பிட்ட 2021 ஆய்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள், ஆகவே கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஆனால் களிம்பை நிறுத்திவிட்டு லேசருக்குப் போகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நம் ஊர் வெக்கையில் எந்தச் சிகிச்சையானாலும் உராய்வும் ஈரமும் அதைக் கெடுக்கும். உரசும் இடத்தில் நோய் கிளம்புவது இதன் குணம். நடந்து வியர்த்துவிட்டு வந்தால் வெறும் தண்ணீரில் அலசி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சோப்பும் வாசனைக் கழுவு திரவமும் வேண்டாம். தினமும் பேன்டிலைனர் போடுவதும் உறுத்தும். சிறுநீர் கசியும் வயதில் இருப்பவர்கள் வெளியே கிளம்புமுன் வாசலினை மெல்லப் பூசிக்கொண்டால் தோல் சிறுநீரில் ஊறாது.

சிங்கப்பூரில் எங்கே போவது? பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசிய சரும நிலையத்துக்கோ போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சலுகைக் கட்டணம். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆறாத புண், கெட்டியான கட்டி, சொரசொரப்பாகத் தடித்த வெள்ளைத் திட்டு இவற்றில் ஏதாவது தெரிந்தால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள்.

போகும்போது களிம்புக் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள். வாரம் இருமுறை என்று சொல்லியிருக்க, ஓராண்டாகியும் 30 கிராமில் பாதிகூடக் காலியாகவில்லை என்றால் விட்டுப்போன இரவுகள் எத்தனை என்று மருத்துவருக்கு உடனே தெரிந்துவிடும். மருந்தை மாற்ற வேண்டுமா, பழக்கத்தை மாற்ற வேண்டுமா என்பதை அங்கிருந்தே பேசத் தொடங்கலாம்.