கார்ட்ச்னர் குகை: பாலைவனத்துக்கு அடியில் ஈரம் காக்கும் ஒரு சுற்றுலா

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில், வெட்ஸ்டோன் மலையடிவாரத்தில் கார்ட்ச்னர் கேவர்ன்ஸ் மாநிலப் பூங்கா இருக்கிறது. மேலே கண்ணுக்கு எட்டிய வரை முட்செடிகளும் கள்ளிகளும் வெயிலில் வெளுத்த சுண்ணாம்புப் பாறைகளும்தான்; அடியில் இருப்பதோ, இன்றும் நீர் சொட்டி வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு குகை. வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே செல்ல முடியாது. வழக்கமான சுற்றுலாக்களில் கேமரா, கைபேசி, பை எதையும் கொண்டுபோக அனுமதி இல்லை. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நாம் செலுத்தும் கட்டணத்துக்குக் கிடைக்கும் முதன்மையான சேவையே அந்தக் கெடுபிடிதான் என்பது என் கருத்து.

பார்வையாளர் மையத்திலிருந்து சிறிய டிராம் வண்டி குகை வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே முதலில் தென்படுவது பாறை அல்ல, கதவு. ஒரு கதவு முழுமையாகச் சாத்தப்பட்ட பிறகே அடுத்த கதவு திறக்கிறது; நடுவில் மெல்லிய நீர்த்தூவல் நம்மேல் படிகிறது. ஆடையிலிருந்து உதிரும் நூல்துகளும் தலைமுடியும் தோல்செதிலும் உள்ளே பறந்து படியாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று வழிகாட்டி விளக்குகிறார். குகைக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 99 விழுக்காடு. வெப்பம் ஆண்டு முழுவதும் 22 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது. வெளியே இருக்கும் பாலைக்காற்று தடையின்றி உள்ளே புகுந்தால் அந்த ஈரம் வற்றிவிடும். ஈரம் வற்றினால் குகையின் வளர்ச்சி நின்றுவிடும். ஈரமான நாட்டில் உள்ள குகைக்கு ஒரு கதவு போதுமாக இருக்கலாம், பாலைவனத்தில் போதாது.

ஆண்டு முழுவதும் நடப்பது ரொட்டுண்டா, த்ரோன் என்னும் இரு அறைகளைக் காட்டும் சுற்றுலா. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். த்ரோன் அறையில் கூரையிலிருந்து தொங்கும் ஒரு கல்குழலை வழிகாட்டி விளக்கொளியில் காட்டுவார். நாம் குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவின் பருமன்தான். நீளமோ 21 அடி 2 அங்குலம். மழைநீர் மண்ணில் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையை அரித்தபடி இறங்குகிறது. குகையின் வெற்றிடத்தை எட்டியதும் அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சைட்டாகத் துளியின் விளிம்பில் மிக மெல்லிய வளையமாகப் படிகிறது. அப்படி வளையத்தின்மேல் வளையமாக நீண்டதுதான் அந்தக் குழல். உள்ளே துளை இருப்பதால் நீர் அதன் வழியாகவே இறங்கி நுனியில் திரண்டு நிற்கிறது. அந்த ஒரு துளியைப் பார்க்கும்போதுதான், இது முடிந்துபோன சிற்பம் அல்ல, வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பது உறைக்கிறது.

பாறையை யாராவது தற்செயலாகத் தொட்டுவிட்டாலும் சொல்லிவிடச் சொல்கிறார்கள். அந்த இடத்தை அடையாளமிட்டுப் பின்னர் சுத்தம் செய்கிறார்கள். ஏனென்றால் கையின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் கால்சைட் சரியாக ஒட்டாது. திட்டுவதும் இல்லை, தலைகுனிய வைப்பதும் இல்லை, காரணத்தைச் சொல்லிவிட்டு மேலே நடக்கிறார்கள். வழிகாட்டிப் பணியில் இதைவிட நல்ல பண்பு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கவனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1974-இல் ராண்டி டஃப்ட்ஸ், கேரி டெனன் என்ற இரு இளைஞர்கள் இந்தக் குகையைக் கண்டுபிடித்தார்கள். வெளியே சொன்னால் கல்லை உடைத்து எடுத்துப் போய்விடுவார்கள் என்று அஞ்சி, நிலத்தின் உரிமையாளர்களான கார்ட்ச்னர் குடும்பத்தினரிடம்கூட 1978-இல்தான் தெரிவித்தார்கள். 1988-இல் மாநில அரசு நிலத்தை வாங்க முடிவெடுக்கும் வரை செய்தி கசியவில்லை. நடைபாதையும் கதவுகளும் அமைத்து மக்களுக்குத் திறந்துவிட்டது 1999-இல். ரொட்டுண்டா அறையின் சேற்றுத் தரையில் அந்த முதல் ஆய்வாளர்கள் நடந்த தடம் இன்னும் தெரிகிறது. தாங்கள் விட்ட ஒரே தடத்திலேயே திரும்பத் திரும்ப நடந்து, சுற்றியிருந்த சேற்றை அவர்கள் மிதிக்காமல் விட்டார்கள்.

சுற்றுலாவின் இறுதியில் 58 அடி உயரமுள்ள ‘குப்ளா கான்’ தூணுக்கு முன்னால் அமர வைத்து, ஒளியும் இசையுமாக ஒரு காட்சி நடத்துகிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும். என் மனம் அந்தக் கல்குழலிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு சுற்றுலாவான பிக் ரூம், அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மட்டுமே திறந்திருக்கும். கோடையில் தாய் வௌவால்கள் வந்து குட்டி ஈன்று வளர்க்கும் இடம் அது. வருமானம் போனாலும் அறையை அவற்றுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். இந்த முடிவை மனமாரப் பாராட்டுகிறேன்.

நியூ மெக்சிகோவில், சிவாவா பாலைவனத்தில் உள்ள கார்ல்ஸ்பாட் குகையோடு இதை ஒப்பிடுவது இயல்பு. அங்கே பிரமாண்டமான பெரிய அறையை வழிகாட்டி இல்லாமலே சுற்றலாம், படமும் எடுக்கலாம். அளவில் கார்ட்ச்னர் அதற்கு ஈடாகாது. ஆனால் 2024-இல் கார்ல்ஸ்பாட்டின் அந்த அறையில் யாரோ தவறவிட்ட ஒரு நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஈரத்தில் ஊறி, பூஞ்சையும் பூச்சிகளும் பெருகக் காரணமாகி, ஊழியர்கள் பாறைப்பரப்பிலிருந்து பூஞ்சையைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. பைக்குத் தடை ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

செல்ல விரும்புவோர் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. குளிர்கால வார இறுதிகளில் இடம் விரைவில் நிரம்பிவிடும். இது மாநிலப் பூங்கா என்பதால் தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை இங்கே செல்லாது. பாதை சீராக அமைக்கப்பட்டிருப்பதால் சக்கர நாற்காலியில் வருவோரும் பார்க்கலாம். குழந்தைகளின் தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை. உள்ளே புழுக்கமாக இருக்கும், ஆகையால் தடித்த மேலாடை தேவைப்படாது. மூடிய இடங்களில் மூச்சுமுட்டுவது போல் உணர்பவர்கள் கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடலாம். ஒரே ஒரு சுற்றுலாவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், எந்தப் பருவமானாலும் ரொட்டுண்டா–த்ரோன் சுற்றுலாவையே பரிந்துரைப்பேன்.