வாரன்டி பார்ட் மாற்றித் தரும் வண்ணாரப்பேட்டைக் கடை

அசெம்பிள் செய்த சிஸ்டம் வாரன்டிக்குள் பழுதானால், திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருக்கும் இந்தச் சின்ன சர்வீஸ் கடைக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம். எந்தப் பார்ட் போயிருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் இவர்கள் எதையும் கம்பெனிக்கு அனுப்புவதில்லை. நல்ல பார்ட்டை அனுப்பினால் ‘பழுது இல்லை’ என்று அப்படியே திரும்பி வரும். அதுவரை சிஸ்டம் சும்மா கிடக்கும்.

பவரே வரவில்லை என்றால், சிஸ்டத்துக்குள் கரன்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைப்பார்கள். எல்லா வயரும் கறுப்பாக வரும் மாடலில் பச்சைக்குப் பதில் 16-வது பின். ஃபேன் சுற்றிவிட்டால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று பல கடைகளில் முடித்துவிடுவார்கள், அது தப்பு. 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழேயும், 5 வோல்ட் லைன் 4.75-க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, லோடு ஏறியதும் சரிகிற யூனிட் நிறைய உண்டு. அதனால் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி ஓட்டியும் பார்க்கிறார்கள். ராம் என்றால் ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றி மாற்றிச் சோதனை.

போர்டை அனுப்பும் விஷயத்தில்தான் இந்தக் கடைக்கு முழு மார்க். இன்டெல் போர்டுகளில் பின்கள், பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் இருக்கும். ஒரு பின் வளைந்திருந்தாலும் ‘உடைசல்’ என்று சொல்லி கம்பெனி வாரன்டியை மறுத்துவிடும். எங்கே வளைந்தது என்று பிறகு யாரோடு மல்லுக்கட்டுவது? இங்கே பிராசசரைக் கழற்றியதும் நம் கண்முன்னே சாக்கெட்டைப் போட்டோ எடுத்து, பிளாஸ்டிக் மூடியைப் போட்டுத்தான் பேக் செய்கிறார்கள். புது போர்டோடு வரும் அந்த மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் போகும் போர்டுக்கு வாரன்டி கிடைப்பது கஷ்டம். கருகிய தடம் இருந்தால் கம்பெனி எடுக்காது, கடையிலும் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருப்பவர்கள் இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு நெட் வயரையும் சேர்த்துக் கழற்றி வைக்க வேண்டும். செம்புக் கம்பி வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

குறை என்றால், கேட்டால்தான் சொல்கிறார்கள். வாரன்டிக்குப் போன ஹார்டு டிஸ்க் நம்மிடம் திரும்பி வராது, அதிலிருக்கும் டேட்டாவுக்கும் கம்பெனி பொறுப்பில்லை. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால், போர்டு மாறியதும் அதைத் திறக்கும் ரெக்கவரி கீ கேட்கும். அந்தக் கீயை முன்பே எழுதி வைக்கச் சொல்வதில்லை. ஜாப் ஷீட்டிலும் ‘ராம் 1, போர்டு 1’ என்று மட்டும் எழுதுகிறார்கள். சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். மாற்றி வரும் பார்ட்டுக்குப் பெரும்பாலும் பழைய வாரன்டியில் மிச்சமுள்ள காலம்தான், அதனால் முதல் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பிராண்டட் சிஸ்டத்துக்கு இந்தக் கடை வேண்டாம். அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் கனெக்டரே வேறு, கடை யூனிட் பொருந்தாது. போர்டு மாற்றினால் சீரியல் நம்பரை, போர்டிலேயே இருக்கும் பயாஸ் புரோகிராமில் பதிய வேண்டியும் வரும். கம்பெனிக்கே போன் போட்டு, ஆளை வீட்டுக்கு வரச் சொல்வதுதான் சரி.

கூரியர் செலவு யார் தலையில் என்பதைப் பார்ட்டைக் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.